கொட்டகை போட வேலியோரம்தானா கிடைத்தது?

ஆசிரியருக்கு,

மழை பிடிப்பதற்குள் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எங்கள் கன்னங்குறிச்சிப் பக்கம் பல வீடுகளில் தெரிகிறது. மண்வெட்டி, கடப்பாரை, உர மூட்டை, மருந்து அடிக்கும் ஸ்பிரேயர் எல்லாம் நனையாமல் இருக்க வேண்டுமே. நியாயம்தான். கலர் ஷீட்டும் இரும்புக் குழாயும் வந்து இறங்கினால், வெல்டர் காலையில் ஆரம்பித்து விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுகிறார். எங்கே போடுவது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. "காம்பவுண்டை ஒட்டிப் போட்டுடலாமுங்க, ஒரு செவுரு மிச்சம்" என்று வெல்டரே இடத்தையும் முடிவு செய்துவிடுகிறார். அந்தச் சுவர் யாருடையது என்று அவர் கேட்பதில்லை. கேட்பது அவர் வேலையும் இல்லை.

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் வேலியோரங்களைப் பார்த்தே பாதி ஆயுசு போனது. கம்பம் நடுவதே பெரும்பாலும் ஓரத்தில்தான், நிலத்துக்கு நடுவில் நட்டால் யார் விடுவார்கள்? ஆக, கம்பி, சாக்கடை, வேலிமரம், மதில் எல்லாம் ஓரத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கேயே தகரக் கூரையையும் கொண்டுபோய் வைக்கிறோம். வீடுகளுக்கு மின்சாரம் வரும் எல்.டி. லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். கம்பி நேர் மேலே போனால் கூரை உச்சியிலிருந்து 2.5 மீட்டர். உயர் அழுத்த 11 கே.வி. லைன் என்றால் மேலே 3.7 மீட்டர். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் கம்பி எங்கேயோ உயரத்தில் இருப்பதுபோலத்தான் இருக்கும். அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது ஷீட்டுக்கு ஸ்குரூ முடுக்குகிறவனுக்கும், இரும்புத் தொரட்டியோடு மாங்காய் பறிக்கக் கூரை மேல் ஏறும் பையனுக்கும்தான் தெரியும். கொட்டகைக்கு இடம் பார்க்கிறவர்கள் முதலில் மேலே பார்க்க வேண்டும் என்று நான் சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள்.

மேலே பார்த்தாயிற்று என்றால் அப்புறம் கீழே. வேலி வேறு, எல்லை வேறு. கிளுவை வேலி வருஷத்துக்குக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகரும். கம்பி வேலி போட்டவர் எல்லைக்கல் கிடைக்காத இடத்தில் குத்துமதிப்பாகக் கால் நட்டிருப்பார். நம்ப வேண்டியது சர்வே கல்லையும் நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தையும்தான். கிராமப்புற நிலமாக இருந்தால் பட்டா எண்ணைப் போட்டு அரசின் இணையதளத்திலேயே புலப்படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கல்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு நில உரிமையாளருக்கே உண்டு என்று 1923ஆம் ஆண்டு எல்லைச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் அந்தக் கல்லில் துணி துவைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நானும் இப்போது ஒரு கொட்டகை போடுகிறேன். வாஸ்து பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர், பாரமான சாமான் எல்லாம் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். எங்கள் கன்னி மூலையில் செப்டிக் டேங்க் இருக்கிறது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சர்வேயருக்கு விண்ணப்பித்து, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளந்தோம். மல்லிகைப் புதருக்கு அடியில் மண் மூடிக் கிடந்த கல், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி இருந்தது. அதாவது அந்த முழம் எங்களுடையது. அதில் அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலை நன்றாக வளர்ந்து நிற்கிறது. அதைப் போய் யார் கேட்பது? என் மகன்தான், "12 வருஷம் விட்டா அது அவங்களுதாயிடும்பா" என்று பயமுறுத்தினான். உரிமையாளர் சம்மதத்தோடு விட்டது எதிரிடை அனுபவம், அதாவது அனுபவித்தவருக்கே நிலம் போய்விடும் வகை, ஆகாது என்றார் வக்கீல். ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.

கொட்டகையை வேலியிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளித்தான் போடுகிறேன். இடம் வீண் என்கிறார்கள். ஒட்டிப் போடுவதைவிட மோசம் அரையடி இடைவெளி விடுவது. துடைப்பம் நுழையாது, சருகு சேரும், பெருச்சாளி வரும், பெருச்சாளியைத் தேடிப் பாம்பு வரும். ஆள் பக்கவாட்டில் நடந்துபோய் ஷீட்டின் பின்பக்கத் துருவுக்குப் பெயின்ட் அடிக்க மூன்றடி வேண்டும். கூரைச் சரிவை எங்கள் பக்கமே திருப்பி, தண்ணீரைத் தென்னம்பாத்திக்கு விட்டிருக்கிறேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும் என்பதால் கதவு கிழக்கே. புல் வெட்டும் மெஷினும் பெட்ரோல் கேனும் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் இருக்கக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு.

கூரைத் தண்ணீர்தான் பெரிய வம்பு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், "ஏனுங்கண்ணா, உங்க கொட்டாய்த் தண்ணி நேரா எங்க துவைக்கிற கல்லு மேலயே ஊத்துதுங்களே" என்று தன்மையாக ஆரம்பித்தது, இன்று இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒருவரை ஒருவர் கூப்பிடாத நிலையில் இருக்கிறது. ஏற்காட்டில் இன்னும் கஷ்டம். அங்கே என் தங்கை மகனின் காப்பித் தோட்டம் சரிவில் இருக்கிறது. மேல் பாத்தியின் விளிம்பில் ஒரு கூரை வைத்தால், அதிலிருந்து ஊற்றும் தண்ணீர் கீழே இருப்பவரின் கல்கட்டைத்தான் அரிக்கும். சில்வர் ஓக் கிளை முறிந்து விழாத இடமாகவும் பார்க்க வேண்டும். ஹாக்கா என்று சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளும் அங்கே உண்டு.

விதி இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பக்கவாட்டில் விட வேண்டிய இடம் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பத்துக்கு எட்டில் ஒரு தகரக் கொட்டகை போடுகிறவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டித் தன் சங்கதியைக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. எனவே மாநகராட்சிக்கும் பேரூராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லைக்கல்லிலிருந்து எவ்வளவு தள்ளி, கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த அளவுக்கு மேல் போனால் அனுமதி தேவை என்பதைப் படம் போட்டு ஒரே தாளில் தமிழில் அச்சடித்து, வீட்டு வரி வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் படித்துக்கொள்வார்கள். வெல்டிங் பட்டறைகளுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இடத்தை முடிவு செய்வது அவர்கள்தானே!

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
கன்னங்குறிச்சி, சேலம்.