பேட்டரிக் கடைக்கு ஓடும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் பராமரிப்பு குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆசையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால், பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்றால் டைனமோவை (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் பழைய பாணி ஜெனரேட்டர்) தூக்கிப்போட்டு, அதே வேலையைச் செய்யும் புதிய பாணி ஆல்டர்னேட்டர் மாட்டிவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அம்பாசிடர், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வயரிங் வேலையிலேயே காலம் தள்ளியவன் நான்.

டைனமோ வண்டி ஐட்லிங்கில் சரியாகச் சார்ஜ் ஆகாது. டாஷ்போர்டில் சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு லேசாக மினுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். அது கோளாறே இல்லை. சிக்னலில் ஹெட்லைட் மங்கியதும் பேட்டரிக் கடைக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரேஸ் கொடுத்தும் விளக்கு அணையவில்லையா? முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். அது சரியென்றால், டைனமோவில் டி (D), எஃப் (F) என்று குறித்த டெர்மினல்களின் வயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டுக் கம்பியால் சேருங்கள். அங்கிருந்து டைனமோ பாடிக்கு வோல்ட்மீட்டர் வைத்து, மெதுவாக ரேஸ் கொடுங்கள். முள் தடுமாறாமல் ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியையும் வயரையும் சோதியுங்கள். ரேஸ் கொடுக்கும்போது முள்ளை 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஒரு வோல்ட்கூட வராவிட்டால் ஃபீல்டு காயில் (உள்ளே நிலையாக இருக்கும் கம்பிச் சுருள்), நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர் (சுழலும் கம்பிச் சுருள்) என்று சந்தேகப்படலாம். அதற்கும் முன்னால் கார்பன் பிரஷ்ஷை வெளியே எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். ரீவைண்டிங் செலவே மிச்சமாகலாம்.

பலர் மறப்பது எர்த், அதாவது பேட்டரியின் ஒரு முனையையும் இன்ஜினையும் வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு. பளபளவென்று பெயின்ட் அடித்த ஓர் அம்பாசிடர் வந்தது. இரண்டு புது பேட்டரி மாற்றியும் செல்ஃப் இழுக்கவில்லை என்று ஓனர் நொந்துபோயிருந்தார். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளைத் தொட்டேன், சுட்டது! இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பெயின்ட்டின் மேலேயே முறுக்கிவிட்டார்கள். கரண்ட் வேறு வழியில்லாமல் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டி முடுக்கினேன், முதல் சாவியிலேயே பிடித்தது.

ஆல்டர்னேட்டர் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. இருபது ஆம்பியர் சொச்சம் தரும் டைனமோ ஏசியையும் கூடுதல் விளக்குகளையும் தாங்காது. ஆனால், ஆல்டர்னேட்டர் வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்குள் இருக்கும் டயோடு, ரெகுலேட்டர் எல்லாம் போய்விடும். மாற்றும் முன், பாடியோடு சேர்த்திருப்பது பேட்டரியின் எந்த டெர்மினல் என்றும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். கவனிக்காமல் மாட்டினால், சாவியைத் திருப்பும் முன்பே புது ஆல்டர்னேட்டர் புகைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
மதுரை