ராத்திரி ஜீப் பிடிக்கணுமா, விடியட்டும்னு இருக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தபடியே வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலைந்து பேர் சேர்ந்து படித்தோம். ஓபி வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம், பஸ் செலவு மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற எங்களுக்கு அது மட்டும் போதாது. பொழுது சாய்ந்த பிறகு ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் இப்போதே ஜீப் பிடிப்பதா, விடியும்வரை பொறுப்பதா என்று எங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவர் தீர்த்துச் சொல்ல வேண்டும். வீடியோ டாக்டர் எங்களுக்கு வேண்டியது அதற்காகத்தான்.

ராத்திரி ஜீப் என்றால் ஆயிரத்தைந்நூறு ரூபாய். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அது மூன்று நாள் கூலிக்கு மேல். தோட்டத்திலேயே வைத்தியம் பார்க்க வசதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். என் அம்மா காலத்தில் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் இருந்தார், நடு ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். எங்கள் தோட்டம் மூடிக் கிடந்த வருடங்களில் அந்த அறையும் பூட்டிப் போனது. இப்போது அதில் விறகு அடுக்கியிருக்கிறார்கள்.

நான் அங்கன்வாடி டீச்சர். போன ஐப்பசி மழையில் எங்களிடம் வருகிற மூன்று வயதுப் பையனுக்கு இரண்டு நாளாகச் சளியும் காய்ச்சலும். ராத்திரி எட்டரை மணிக்கு அவன் அம்மா வந்து, "எந்த சிரப் குடுக்கலாம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். தேனியில் ஒரு குழந்தைகள் டாக்டரம்மா வீடியோவில் பார்ப்பார், என் தங்கை நம்பர் கொடுத்திருந்தாள். லயத்துக்குள் டவர் கிடைக்காது. தண்ணீர் டேங்க் வளைவில் போய் நின்றால்தான் படம் நிற்காமல் ஓடும். பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனோம்.

டாக்டரம்மா சிரப் பேச்சையே எடுக்கவில்லை. "சட்டையைத் தூக்குங்க. டார்ச் அடிங்க. போனை ஆட்டாம நெஞ்சுக்கும் வயித்துக்கும் நேரா பிடிங்க" என்றார். ஒரு முழு நிமிடம் வாய் திறக்காமல் மூச்சை எண்ணினார். 48. "இன்னொரு தரம் நீங்களும் எண்ணுங்க டீச்சர்" என்றார். எனக்கு 47 வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்து எழுந்ததை அவனைப் பெற்றவளே அப்போதுதான் பார்த்தாள். அதுவரை அது கம்பளிக்குள் இருந்தது. "வெறும் சளின்னு வச்சிருக்காதீங்க. 108ஐக் கூப்பிடுங்க, வர நேரமாகும்னா ஜீப்லயே கிளம்பிடுங்க" என்றார். நிமோனியா. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான்.

ஏழு நிமிடம்கூட ஆகாத பேச்சு. டாக்டரம்மா மருந்து ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய வைத்தியம் அன்றைக்கு வேறு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அதற்கு முந்தின ஆடி மாதம் காய்ச்சல் வந்தபோது, பணம் கட்டி ஒரு ஆப் வழியாக டாக்டரைப் பிடித்தோம். எங்கள் பக்கம் படம் சரியாகத் தெரிகிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை. இரண்டே நிமிடம். பாரசிட்டமாலும் ஒரு ஆன்டிபயாடிக்கும் எழுதி அனுப்பிவிட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மழையில் வெறுங்காலோடு தோட்டத்து வாய்க்கால் வெட்டுகிறவர் என்று சொல்லியிருப்போம். கெண்டைக்கால் வலிக்கிறதா என்று கேட்டிருந்தால், நடக்கவே முடியவில்லை என்று சொல்லியிருப்பார். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இறங்குகிறவர்களுக்குத் தொற்றுவது. கேரளத்து மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அல்லவா அது? தெய்வாதீனமாகத் தேறிவிட்டார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது. வீடியோவில் பார்த்தால் போதுமா, நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்று முடிவெடுப்பது டாக்டரின் பொறுப்பு. இந்தியாவில் எந்த மாநிலத்து நோயாளியையும் பதிவு பெற்ற டாக்டர் பார்க்கலாம். மருந்துச் சீட்டில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும், அதை போனிலேயே அனுப்பலாம். ஆனால் இங்கே மருந்துக் கடையில் தமிழ்நாட்டுச் சீட்டை போனில் காட்டினால், "பேப்பர் இல்லையா?" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மொழி. என் மாமியார் உத்தமபாளையத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். அவருக்கு மலையாளம் வராது. ஒரு நாள் அவரைக் காட்டியபோது மறுமுனையில் இருந்த டாக்டர், "பனி உண்டோ அம்மே?" என்று அன்பாகத்தான் கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மாமியாரோ வெளியே மூடியிருந்த பனியைப் பார்த்து, "ஆமாய்யா, ஒரு வாரமா விடாம இருக்கு" என்றார். டாக்டர் ஒரு வாரக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் நான் இருந்ததால் திருத்தினேன். ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ் சேச்சியோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்த்துவிடுவார்கள். வீடியோவில் அந்த ஆள் கிடையாது. டோக்கன் வாங்கும்போதே டாக்டருக்குத் தெரிந்த மொழிகளைக் காட்டினால் என்ன? இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் தமிழ் பேசுகிற டாக்டர் வேண்டும். அதே நியாயத்தில் நீலகிரி கூடலூரில் இருக்கிற மலையாளிகளுக்கு மலையாளம் பேசுகிற டாக்டர் வேண்டும்.

இந்த முனையில் ஒரு கை இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம்தான். ஆந்திர எல்லையில், சித்தூர் பக்கத்து அரகொண்டாவில் 2000ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவம் தொடங்கியபோது, அங்கே நோயாளியின் பக்கத்தில் ஒரு மருத்துவமனையும் ஆட்களும் இருந்தார்கள். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியும் 2019 நவம்பரில் சுகாதார நிலையத்துப் பணியாளர் வழியாக டாக்டரைப் பார்க்கிற முறையில்தான் தொடங்கியது. நோயாளி தானே போனில் நுழைவது கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில் வந்தது. எங்களுக்கு அந்தப் பழைய முறைதான் சரி, அதுவும் இருட்டிய பிறகு. தோட்டத்துக்கு ஒரு நர்ஸ், ராத்திரி பத்து மணி வரை. அவர் கையில் தெர்மாமீட்டர், பிபி பார்க்கிற கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர், அறுந்து போகாத நெட். பூட்டிக் கிடக்கிற அந்த டிஸ்பென்சரி அறையே போதும். விறகை நாங்களே அள்ளிவிடுகிறோம்.

நெஞ்சுவலி, பாம்புக்கடி, வலிப்பு, வாய் கோணுவது, கை கால் இழுத்துக்கொள்வது, நிற்காத ரத்தம் இவற்றுக்கு வீடியோ கிடையாது. டேங்க் வளைவுக்கு ஓடாமல் நேரே 108ஐக் கூப்பிட வேண்டும். இதை லயத்தில் வீடு வீடாகச் சொல்லி வருகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். காய்ச்சலோ இருமலோ உள்ள குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்கவே வேண்டாம், கிளம்பிவிட வேண்டும். இதை ஒரு சார்ட்டில் எழுதி எங்கள் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தாய்மார்கள் போனில் படம் எடுத்துப் போகிறார்கள். மழைக்காலம் தொடங்கும் இதழில் நீங்களும் இதைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி ஒட்டுகிற அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
அங்கன்வாடி ஆசிரியை,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.