அட்டவணை இருக்கிறது, கோப்பைத் தாருங்கள்

இந்திய விமான நிலைய ஆணையத்தின் வான்வழித் தகவல் பிரிவுக்கு,

வணக்கம்.

28 நாளுக்கு ஒருமுறை ஐராக் சுழற்சி (வான்வழித் தகவல்களை உலகெங்கும் ஒரே நாளில் புதுப்பிக்கும் முறை) மாறும்போதெல்லாம் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நேவ்டேட்டாவை, அதாவது வழிப்புள்ளிகளும் ஏறும் இறங்கும் வழிகளும் அடங்கிய தரவை, காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

சின்ன செஸ்னா விமானத்தில் தரையைப் பார்த்துப் பறப்பவருக்கும் ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலை) பிடித்து இறங்குவதோடு நிறுத்திக்கொள்பவருக்கும் சிமுலேட்டரோடு வரும் தரவே போதும். வாட்சிமில் (சிமுலேட்டர் விமானிகளும் கன்ட்ரோலர்களும் சேரும் இணைய வலை) கன்ட்ரோலர் சொல்லும் ஸ்டார் வழியில் (நிலையத்தை நெருங்க வகுத்த பாதை) ஏர்பஸ் கொண்டுவருபவருக்குப் போதாது. அவர் கையில் உங்கள் தளத்தின் இன்றைய சார்ட் (வழி வரைபடம்). விமானத்தின் வழிக்கணினித் திரையான எம்சிடியூவிலோ பழைய சுழற்சி. பெயர் மாறிய வழிப்புள்ளியைத் தட்டினால் ‘நாட் இன் டேட்டாபேஸ்’. நேவ்டேட்டா சந்தா நின்றாலும் கடைசியாக இறக்கிய சுழற்சி கணினியிலேயே இருக்கும் என்பதால், வருடத்தில் ஒரு மாதம் மட்டும் கட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அதற்கும் வழியில்லாத மாணவர்கள் கையால் தட்டுகிறார்கள்.

அந்தச் சிரமத்தைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் ஏஐபி (வான்வழித் தகவல் வெளியீடு) அட்டவணைகளில் புள்ளியின் இடம் டிகிரி, நிமிடம், விநாடியில் இருக்கிறது. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரின் கஸ்டம் டேட்டா ஃபோல்டரில் போடும் யூசர் ஃபிக்ஸ் (நாமே சேர்க்கும் புள்ளிகள்) கோப்புக்குத் தசம டிகிரி வேண்டும். 13 டிகிரி 05 நிமிடம் 24 விநாடி என்றால், 5-ஐ 60-ஆலும் 24-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்டி 13.09 என்று எழுத வேண்டும். அவசரத்தில் 13.0524 என்று எழுதிவிட்டால் புள்ளி இரண்டேகால் நாட்டிக்கல் மைல் தெற்கே போய்விடும். சிமுலேட்டர் ஒரு எச்சரிக்கையும் தராது. விமானம் தப்பான இடத்துக்கே சமர்த்தாகத் திரும்பும். புள்ளிகள் முடிந்தால் லெக்குகள், அதாவது பாதைத் துண்டுகள்: இது டிஎஃப்பா (நேரே புள்ளிக்கு), சிஎஃப்பா (குறித்த திசையில் புள்ளிக்கு), ஆர்எஃப்பா (வட்ட வளைவில் புள்ளிக்கு)? புள்ளியைத் தாண்டித் திரும்புவதா, முன்பே வளைவதா? ஆர்எஃப் என்றால் வளைவின் மையமும் வேண்டும். எல்லாம் முடித்து நிமிர்ந்தால் அடுத்த சுழற்சி வந்து நிற்கிறது.

இந்த அட்டவணைகள் கணினியில் பிறந்தவைதாமே? அவற்றைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டு, மக்களை மறுபடி எண் எண்ணாகத் தட்டச் சொல்வது என்ன நியாயம்? அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தன் ஏறும், இறங்கும் நடைமுறைகளை ஏரிங்க் 424 (நேவ்டேட்டாவுக்கான தொழில்துறைத் தரம்) வடிவில், வரிக்கு 132 எழுத்தாக, ஒவ்வொரு சுழற்சிக்கும் இலவசமாகத் தருகிறது. எக்ஸ்-பிளேனின் நடைமுறைக் கோப்புகளும் ஏறத்தாழ அதே அமைப்புதான். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 15-ஆம் இணைப்பும் (வான்வழித் தகவல் சேவை பற்றியது), 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில், மின்னணுத் தரவுத் தொகுப்புகளில் ஒன்றாகக் கருவிவழி நடைமுறைகளைச் சேர்த்திருக்கிறது.

உலகம் முழுவதையும் தொகுத்து, சரிபார்த்து, ஒவ்வொரு சிமுலேட்டருக்கும் ஏற்ப மாற்றித் தருகிறவர்கள் கூலி கேட்பது நியாயம். அவர்களோடு சண்டை இல்லை. ஆனால் சென்னையில் எப்படி இறங்குவது என்பது இந்நாட்டு மக்களின் தகவல். வாக்காளர் பட்டியல் முதல் பேருந்து நேரம் வரை, பிடிஎஃப் போட்டால் வெளியிட்டாயிற்று என்ற எண்ணம் நம் அலுவலகங்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. தேடவும் முடியாது, கணக்குப் போடவும் முடியாது, போன மாதத்தோடு ஒப்பிடவும் முடியாது.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். கேட்பது இதுதான்: எஸ்ஐடி (புறப்படும் வழி), ஸ்டார், அப்ரோச் (ஓடுபாதைக்கு இறங்கும் வழி) மூன்றையும் ஏரிங்க் 424 கோப்பாக, எவரும் இறக்கிக்கொள்ளும்படி, ஒவ்வொரு சுழற்சிக்கும் வெளியிடுங்கள். ‘உண்மையான பறப்புக்கு அல்ல’ என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். எல்லா நிலையங்களும் ஒரேயடியாக முடியாதென்றால் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி நான்கை மட்டும் முதலில் தாருங்கள். கோப்பைத் தாருங்கள் ஐயா; மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுக் கணினியில் பறப்பவர்கள் சார்பில்