கூத்துக் கலைஞருக்கு எந்த மைக்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரதக் கூத்து சீசன் நெருங்குகிறது. கோயில் கமிட்டிகளும், வெளியூரில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பிள்ளைகளும் கூத்துக் குழுக்களுக்குக் காலர் மைக் வாங்கித் தர முன்வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்கித் தருவது பெரும்பாலும் யூடியூப் பேட்டிகளில் சட்டையில் செருகியிருக்கும் தீப்பெட்டி அளவு 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா மைக் செட். பேட்டிக்கு அது போதும். கூத்துக்கு ஆகாது. சில நாளிலேயே அது பெட்டிக்குள் போய்விடும்; நடிகர் பழையபடி தொங்கும் மைக்குக் கீழே வந்து நின்று பாடுவார். அதனால் இதில் பழக்கமுள்ளவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலில், மைக் எங்கே இருக்க வேண்டும் என்பது. மார்பில் செருகும் மைக் வாயிலிருந்து ஏறத்தாழ 24 செ.மீ. தள்ளி இருக்கும். கன்னத்தில் ஒட்டுவது 3 செ.மீ. தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் கூடும். 24, 12, 6, 3 என்று மூன்று முறை பாதியானால் 18 டெசிபல். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் பின்னாலேயே முழங்க, ஸ்பீக்கர் பெட்டி பத்தடியில் நிற்கும் திடலில், குரல் கேட்குமா, ஸ்பீக்கர் ஊளையிடுமா என்பது இந்த 18 டெசிபலில்தான் இருக்கிறது. போதாததற்கு, மார்பில் மரக்கட்டை அணிகலன் இடிக்கும் ஒவ்வொரு இடியும் காலர் மைக்கில் வெடிபோலக் கேட்கும். ஆகவே கூத்துக்கு வேண்டியது காதில் மாட்டிக் கன்னத்தில் படியும் மெல்லிய ஹெட்செட் மைக்.

ஊளையிடாது என்று சொல்லிக் கடையில், முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஸ்டாண்டில் வைத்த மைக்குக்கு அது சரி. கன்னத்தில் ஒட்டியது ஒரு செ.மீ. நகர்ந்தாலே கார்டியாய்டில் குரலின் நிறம் மாறும். மூச்சுக் காற்றும் வெளிக்காற்றும் அதில் கூடுதலாக அடிக்கும். அதன் பின்பக்கத் துளைகளில் வியர்வையோ அரிதாரமோ அடைத்தால் திசை பிரிக்கும் குணமே போய்விடும். எல்லாத் திசை ஒலியையும் வாங்கும் ஓம்னி வகைக்கு ஒலி நுழைய ஒரே வாய்தான், தொல்லையும் குறைவு.

குரலின் வலுவையும் கணக்கில் வையுங்கள். வீர வசனம் 3 செ.மீ. தூரத்தில் வெடிக்கும்போது, மெல்லிய பேச்சுக்கென்று செய்த அதிக உணர்திறன் கொண்ட மைக் கரகரக்கும். ஒரே கம்பெனியின் ஒரே உருவத்திலேயே இரண்டு வகை வரும். டிபிஏ கம்பெனியின் 4060 மைக் உச்சமாக 134 டெசிபல் வரை தாங்கும். 4061 வகை 144 வரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டின் தலையும் 5.4 மி.மீ. கூத்துக்கு ஏற்றது 4061. அந்த விலை கட்டுப்படியாகாதவர்கள் எதை வாங்கினாலும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் உச்ச ஒலி அளவு 140-க்குக் கீழே இருந்தால் தயங்குங்கள்.

இனி வியர்வை. நல்ல மைக்குகளைக்கூட மேடையில் ஊமையாக்குவது பெரும்பாலும் இதுதான். விளம்பரத்தில் ஐபி57, ஐபி58 என்று தூசியும் நீரும் தாங்கும் தரக்குறியைப் போட்டிருப்பார்கள். கடைசி எண் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. 8 என்றால் அதற்கும் மேல். மைக் கெட்டுப்போகாது என்பதற்குத்தான் இது உறுதி. ஒரு சொட்டு வியர்வை வலைமூடியில் நின்றுவிட்டால் ஐபி58 மைக்கும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல்தான் ஒலிக்கும். சொட்டு கன்னத்திலிருந்து அங்கே தானாகத் தாவுவதில்லை. ஒயர் வழியாக வழிந்து தலைக்கு வருகிறது. அதனால் மைக் தலைக்கு ஓரிரு செ.மீ. முன்னதாக ஒயரில் மெல்லிய நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள், வழியும் நீர் அங்கே நின்று கீழே சொட்டும். கழற்றி மாட்டும் வலைமூடி உள்ள வகையையே வாங்குங்கள். ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு மூடி உபரியாக இருக்கட்டும். இடையில் குரல் மங்கினால் மூடியை மாற்ற அரை நிமிடம் போதும். வாயால் ஊதக் கூடாது. ஊதினால் நீர் இன்னும் உள்ளே போகும்.

ஒட்டும் வரிசையில் பலர் தவறுகிறார்கள். எண்ணெயில் குழைத்த அரிதாரத்தின்மேல் எந்த டேப்பும் நிற்காது. ஒப்பனைக்கு முன்பே கன்னத்தையும் பிடரியையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் டிரான்ஸ்போர் டேப்பால் மூன்று இடத்தில் ஒட்டுங்கள்: காதுக்கு முன்னால், காதுக்குப் பின்னால், பிடரியில். பிடரியில் 5 செ.மீ. ஒயர் தளர்வாக இருக்கட்டும், இல்லையென்றால் தலையைத் திருப்பும் முதல் சுழற்சியிலேயே மைக் வாயைவிட்டு விலகும். பிறகு டேப்பின்மேலும் ஒயரின்மேலும் அரிதாரத்தைப் பூசலாம். சிவப்போ பச்சையோ, முகத்தின் நிறத்திலேயே மறைந்துவிடும். வலைமூடியில் மட்டும் துளியும் படக் கூடாது. கிரீடம் கட்டும் கயிற்றுக்கு அடியில் ஒயர் போகவே கூடாது. இரவு முழுக்க அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் மெல்லிய இழை அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஒயர் முதுகெலும்பை ஒட்டி இறங்கி இடுப்புக்கு வர வேண்டும். குரலை அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை நாடா வைத்துத் தைத்த துணிப்பையில் போட்டு, உள்பாவாடைகளுக்கு வெளியே, மேலாடைக்கு உள்ளே கட்டுங்கள். ஆன்டெனா மடங்காமல் நேராக, தோலில் படாமல் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வியர்வை இறங்காமல் இருக்க, உயவு தடவாத ஆணுறையில் அதைப் போட்டு முடிச்சிடுவது வெளிநாட்டு நாடக மேடைகளிலும் உள்ள வழக்கம். கூச்சப்படுபவர்கள் ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் கவரைப் பயன்படுத்தலாம், ஆனால் அது அவ்வளவு கச்சிதமாக உட்காராது.

2.4 கிகாஹெர்ட்ஸ் ஏன் வேண்டாம்? வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. அதோடு நீர் நிறைந்த மனித உடல் அந்த அலையை நன்றாகவே விழுங்கிவிடும். நடிகர் முதுகைக் காட்டிச் சுழலும் கணத்தில் குரல் அறுபடுவது அதனால்தான். அதைவிடக் குறைந்த அலைவரிசையில் ஓடும் யூஎச்எஃப் செட் வாங்குங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அடுக்கு 2022 ஏலத்தில் 5ஜி சேவைக்குப் போய்விட்டது. 703 முதல் 803 வரையுள்ள பழைய செட்டை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரண்டு மூன்று மைக் சேர்த்து ஓட்டும்போது அலைவரிசைகளைச் சம இடைவெளியில் வைக்கக் கூடாது. 600, 601, 602 என்று வைத்தால், 601-இன் இருமடங்கில் 600-ஐக் கழித்தால் வருவது 602. முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதன்மேல் இரைச்சலைக் கொட்டும். தயாரிப்பாளர் ஒன்றோடொன்று இடிக்காதபடி தொகுத்துத் தந்திருக்கும் குரூப்பில் உள்ள சேனல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அலையை வாங்கும் ரிசீவரை மேசைக்கடியில் ஒளிக்காமல், உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேலே, ஆடுகளம் நேராகத் தெரியும்படி வையுங்கள்.

இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 6 மணிக்கு முடியும் கூத்துக்கு 8 மணி நேரம். இரண்டு ஆல்கலைன் டபுள் ஏ செல்லில் பல டிரான்ஸ்மிட்டர்கள் சரியாக அந்த எல்லையிலேயே அணைந்துவிடும். பாதியில், வேடம் மாறும் நேரம் பார்த்து, செல்லை மாற்றிவிடுங்கள். ரீசார்ஜ் செல் போட்டால் மீட்டரை நம்பாதீர்கள். நிறையக் காட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று விழும்.

பதிவு செய்வது வேறு வேலை. மிக்சரிலிருந்து எடுக்கும் பதிவில் மைக் மாட்டிய குரல் மட்டும் நெற்றியில் அடித்தாற்போல் இருக்கும். பின்பாட்டும் சலங்கையும் திடலும் இருக்காது. தனியாக இரண்டு மைக் தள்ளி வைத்து அதையும் சேர்த்துப் பதியுங்கள். வெளியில் பேட்டி எடுப்பவர்கள் மெல்லிய ஒலி முதல் பெரும் கூச்சல் வரை அடங்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் ஜூம் எஃப்2 போன்ற சட்டைப்பை ரெக்கார்டரை வைத்தால், திடீர்க் கூச்சலில் ரெக்கார்டர் உச்சத்தில் வெட்டிவிடாது. மைக் தலையே தாங்காத கூச்சலுக்கு மட்டும் அதனாலும் பயனில்லை. காற்றுக்கு வெறும் ஸ்பாஞ்சு போதாது, ரோம உறை வேண்டும். பேட்டிக்கு மைக்கைத் துணிக்குள் மறைக்கும்போது அதன் இருபுறமும் டேப் ஒட்டித் துணியோடு துணியாக அசையாமல் நிறுத்துங்கள். கஞ்சி போட்ட சட்டையும் பட்டுப்புடவையும் சரசரக்கும். கழுத்துச் சங்கிலி தொடாத இடமாகப் பாருங்கள்.

வாங்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒயரை ஜாக் கழுத்திலும் மைக் தலையருகிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். லேசாகக் கரகரத்தாலும் வேண்டாம். 3.5 மி.மீ. ஜாக்கில் கறுப்பு வளையம் மூன்று இருந்தால் அது கைபேசிக்கானது. டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டு வளையம், கூடவே திருகிப் பூட்டும் மரை. ஒயர் தனியாகக் கழன்று, தனியாக விலைக்கும் கிடைக்கும் வகையாக இருந்தால் ஆயுள் கூடும்.

நன்கொடையாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். நான்கு மலிவு செட் வாங்கும் பணத்தில் இரண்டு நல்ல செட்டும், உபரியாக ஒரு ஹெட்செட்டும், மூடிகளும், டேப்பும், சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு முக்கிய வேடங்களுக்கு அது போதும். மற்றவர்களுக்குத் தொங்கும் மைக் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மேடை ஒலி அமைப்பாளர்கள்,
செய்யாறு.