காரைக்குடி பஸ்ஸில் வந்த அக்காவுக்கு

போன வாரம் மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்த பள்ளத்தூர் அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்கத் தோன்றவில்லை.

எனக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய். கருப்பையை எடுத்து, ரேடியேஷன் முடிந்து, திரும்ப வந்திருக்கிறது. இப்போது கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகள் ஏறுகின்றன. விரலும் பாதமும் மரத்துப்போய், பஸ் படி எங்கே இருக்கிறதென்றே காலுக்குத் தெரிவதில்லை.

திருப்பத்தூர் தாண்டியதும் நடுக்கம். அக்கா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "கீமோ போட்டவங்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிதான். மாத்திரையப் போட்டுட்டுப் படுக்கக் கூடாது" என்றார். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் காத்திருக்காதாம். அவர் அம்மாவுக்குப் பார்த்த அனுபவம்.

ஆட்டோ பிடித்து, எமர்ஜென்சியில் சேர்த்து, தேவகோட்டையிலிருந்து என் மகன் வரும்வரை இருந்தார். ஆட்டோ காசும் வாங்கவில்லை. என் பையில் மனகோலப் பலகாரப் பொட்டலம் வேறு வைத்துவிட்டார்! வாய்ப்புண்ணோடு நான் எங்கே கடிப்பது, பேரன் காலி செய்துவிட்டான்.

அக்கா, ஆன்டிபயாடிக் ஊசியில் காய்ச்சல் விட்டுவிட்டது. அடுத்த கீமோவைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். பள்ளத்தூர்க்காரர்கள் யாராவது இதை அவரிடம் சொல்லுங்கள்.