வழிதவறிய புலி என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், கரும்புத் தோட்டத்தில் பகல் முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு இரவில் தானாகவே கிளம்பிப் போன புலியைப் பற்றிய செய்தியைப் படித்தேன். 'வழிதவறி ஊருக்குள் புகுந்த புலி' என்று தலைப்பு. உள்ளே 'கூட்டத்தைப் பிரிந்து வந்த', 'ரத்தவெறி பிடித்த' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதே செய்தியின் கடைசியில், அது ஏறக்குறைய இரண்டரை வயது ஆண்புலி என்று வனத்துறையினர் சொன்னதாக ஒரே ஒரு வரி இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் செய்தியாகப் பட்டது. பல வருஷமாகப் புலிகளைப் பற்றிப் படித்துக்கொண்டும், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் காட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டும் இருக்கிறவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் புலி வழிதவறவில்லை. இரண்டரை வயதில் ஒரு ஆண்புலி என்ன செய்யுமோ அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

முதலில் இந்தக் கூட்டம் என்ற விஷயம். புலிக்குக் கூட்டம் கிடையாது. பெரும்பூனைகளில் கூட்டமாக வாழ்வது சிங்கம் மட்டும்தான். வளர்ந்த புலி தனியாகத் திரியும், தனியாகவே வேட்டையாடும்; தாயும் குட்டிகளும்தான் சேர்ந்திருக்கும். சினைக்காலம் சுமார் மூன்றரை மாதம். பெரும்பாலும் இரண்டு, மூன்று குட்டிகள் பிறக்கும். பிறக்கும்போது கண் திறந்திருக்காது, எடை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற தாய் அதைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு போய் வேறு புதரில் மாற்றி வைக்கும்போது தோலில் ஒரு பல் பதியாது. ஐந்தாறு மாதத்தில் பால் மறந்துவிடும். அப்புறமும் ஒன்றரை, இரண்டு வயது ஆகும்வரை தாய்தான் இரை பிடித்துக் கொடுக்க வேண்டும், பிடிக்கவும் பழக்க வேண்டும். தனக்கு ஒரு வயிறு, கூடவே மூன்று வயிறு என்று இரண்டு வருஷம் ஓடுகிற ஓட்டம் அது. அவ்வளவு பாடுபட்டும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி இரண்டு வயதைத் தொடுவதில்லை. பசி, வெள்ளம், காட்டுத்தீ என்று காரணங்கள் பல, ஆனால் பெரிய காரணம் அப்பன் புலி தனதென்று வைத்திருந்த எல்லையைப் புதிதாகப் பிடிக்கிற வேறொரு ஆண்புலி. முந்தைய ஆணுக்குப் பிறந்த குட்டிகளை அது கொன்றுவிடும், குட்டி இல்லாவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடி இணை சேரத் தயாராகும். கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பன் புலி குட்டிகளுக்கு எதுவும் செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது, அது தன் எல்லையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் குட்டிகளுக்கு உயிர். ராஜஸ்தானில் உள்ள ரந்தம்பூரில் 2011இல் ஒரு தாய்ப்புலி இறந்துபோனபோது, டி-25 என்று எண்ணிட்டிருந்த ஆண்புலி அதன் இரண்டு பெண்குட்டிகளையும் தன்னோடு வைத்துப் பாதுகாத்ததைக் கேமராக்கள் பதிவு செய்தன. ஆண்புலி என்றாலே குட்டியைக் கொல்லும் என்று நம்பிக்கொண்டிருந்த எத்தனையோ பேரை அது யோசிக்க வைத்தது.

தனியாக வாழ்கிறது என்றால் தன்னந்தனியாக, யாரோடும் ஒட்டுறவு இல்லாமல் வாழ்கிறது என்று அர்த்தம் இல்லை. இதை நான் புரிந்துகொண்டது ஒரு மரத்தடியில். அதிகாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஒரு பெண்புலி பாதையோரமாக நடந்து வந்தது, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாய்ந்து நின்ற ஒரு மரத்திடம் போய் நின்று அடிமரத்தை முகர்ந்தது, தலையைத் தூக்கி வாயை லேசாகத் திறந்து, மூக்கைச் சுருக்கி, நாக்கு வெளியே தெரிய அப்படியே சில நொடிகள் நின்றது. பார்க்க முகம் சுளிப்பது போல இருக்கும். உண்மையில் மேலண்ணத்தில் இருக்கிற ஒரு தனி உறுப்புக்கு அந்த வாசனையை இழுத்து அனுப்புகிறது. அப்புறம் திரும்பி நின்று, வாலை நிமிர்த்தி, அதே இடத்தில் பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்துவிட்டுப் போய்விட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் அது ஒரு கடிதம் படித்து, பதிலும் எழுதிவிட்டது. இங்கே போனது யார், ஆணா பெண்ணா, எப்போது போனது, இணை தேடுகிறதா என்பதெல்லாம் அந்த வாசனையில் இருக்கிறது. இந்தத் திரவத்தை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ரத்தன்லால் பிரம்மச்சாரி. பாசுமதி அரிசிக்கு மணம் கொடுக்கிற அதே வேதிப்பொருள் புலி பீய்ச்சுகிற இந்தத் திரவத்திலும் இருக்கிறது என்பதை அவருடைய ஆராய்ச்சிதான் காட்டியது. மரத்தில் நகக்கீறல், தரையில் பின்னங்காலால் பறித்த தடம், இரவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கேட்கிற உறுமல், எல்லாமே இந்தக் கடிதப் போக்குவரத்தில் சேர்த்திதான். நேருக்கு நேர் மோதிக் காயப்படாமல் ஒன்றையொன்று விலகி வாழ்வதற்கான ஏற்பாடு இது.

சரி, இப்போது அந்த இரண்டரை வயதுப் புலிக்கு வருகிறேன். தாய் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிட்டது, இனி அதற்கு அங்கே இடமில்லை. கூடப் பிறந்த பெண்புலிகளுக்குப் பெரும்பாலும் தாயின் எல்லையிலேயோ பக்கத்திலேயோ ஒரு பங்கு கிடைத்துவிடும். ஆணுக்கு அது கிடையாது, அது கிளம்பியே ஆக வேண்டும். போகிற இடமெல்லாம் மரத்துக்கு மரம் 'இது என் இடம்' என்று வேறொரு ஆணின் வாசனை. அதோடு மோதுகிற உடம்பு இன்னும் வரவில்லை. அதனால் யாருடைய வாசனையும் இல்லாத ஓரங்களில் நடக்கும், காட்டின் ஓரம் என்றால் அது வயல், ஓடை, தோட்டம்தானே. ஒரு புலிக்கு எவ்வளவு இடம் வேண்டும், அதைத் தேடி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது இரையைப் பொறுத்தது. நேபாளத்தின் சித்வன் காட்டில் 1970களில் ரேடியோ காலர், அதாவது புலி இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிற கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்தபோது ஒரு பெண்புலிக்கு 20 சதுர கிலோமீட்டர் அளவு இடம் போதுமானதாக இருந்தது, அங்கே மான் அவ்வளவு அதிகம். ரஷ்யாவின் தூரக்கிழக்கில் இரை குறைவு, அங்கே ஒரு பெண்புலிக்குச் சுமார் 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது.

மகாராஷ்டிரத்தின் திப்பேஷ்வர் சரணாலயத்திலிருந்து 2019இல் ஒரு இளம் ஆண்புலி கிளம்பியது, வாக்கர் என்று பெயர் வைத்தார்கள். கழுத்தில் காலர் இருந்ததால் அது போன வழி முழுக்கத் தெரிந்தது: மகாராஷ்டிரம், தெலங்கானா என்று ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் 3,000 கிலோமீட்டர். வயல், நெடுஞ்சாலை, ஊரோரம் எல்லாம் தாண்டிப் போனது, பெரும்பாலும் இரவில்தான் நடந்தது. பகலில் எங்காவது படுத்துவிடும், பக்கத்து ஆட்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இத்தனை தூரத்தில் ஒரே ஒரு ஆளுக்குக் காயம்பட்டது, அதுவும் அது படுத்திருந்த புதருக்குள் சிலர் கூட்டமாக நுழைந்தபோது. கடைசியில் தியான்கங்கா சரணாலயத்தில் போய்த் தங்கியது. இதை வழிதவறியது என்றா சொல்வது?

'புலி பதுங்குவது பாய்வதற்கே' என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். வேட்டைக்கு அது சரிதான். ஆனால் புலி தன் வாழ்நாளில் பதுங்குகிற நேரத்தில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகத்தான். கரும்புக்குள் படுத்திருந்த உங்கள் செய்திப் புலியும் அதைத்தான் செய்தது. சுற்றி நின்று கத்தியவர்களும், செல்போனைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனவர்களும்தான் அங்கே இருந்த ஆபத்து. தப்பிக்க வழி இல்லை என்று பட்டால்தான் அது பாயும், அப்போது யாராவது செத்தால் பழி முழுக்க அதன்மேல் விழும்.

அப்புறம், ரத்தவெறி. இந்தச் சொல்லை நான் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். புலி நீண்ட தூரம் துரத்திப் பிடிக்கிற விலங்கு இல்லை. சிவப்பையும் பச்சையையும் மானின் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் நமக்குப் பளிச்சென்று தெரிகிற அந்த ஆரஞ்சு நிறம் அதற்குப் புல்லோடு புல்லாகக் கலந்துவிடும். அந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு அடிமேல் அடிவைத்துக் கிட்டே போய், சில பாய்ச்சலில் முடித்தால்தான் உண்டு. பெரும்பாலான முயற்சி தோற்றுத்தான் போகிறது. ஒரு கோரைப்பல் உடைந்தாலோ, முள்ளம்பன்றியின் முள் பாதத்தில் ஏறிச் சீழ் வைத்தாலோ, மருந்து போட யாரும் இல்லை, பட்டினிதான். அதனால் தேவையில்லாமல் எதன்மேலும் பாய்வதற்கு அதற்குக் கட்டுப்படியாகாது. ஒரு பெரிய மானை வீழ்த்தினால் இலை தழையைப் பறித்துப் போட்டு மூடி, பக்கத்திலேயே இருந்து மூன்று நான்கு நாள் தின்னும். வருஷத்துக்குச் சுமார் ஐம்பது பெரிய இரை, அவ்வளவுதான் அதன் கணக்கு. பசித்தாலும் புலி புல்லைத் தின்னாது என்கிறோம், அதுகூட முழு உண்மை இல்லை. புலியின் எச்சத்தைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் அதில் புல்லை அடிக்கடி பார்க்கிறார்கள்.

கால்நடையை இழந்தவர்களின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை, புலி நடமாட்டம் உள்ள இடத்தில் பயப்படாதீர்கள் என்று யாருக்கும் புத்தி சொல்லவும் வரவில்லை. ஆனால் 'வழிதவறியது' என்று எழுதினால், பிடித்துப் பழைய காட்டிலேயே விட்டுவிட்டால் போதும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அது கிளம்பி வந்ததே அங்கே இடம் இல்லாமல்தான். இரண்டு காடுகளுக்கு நடுவே அது நடந்து போக ஓர் ஓடைக்கரை, ஒரு புதர்வரிசை மிச்சம் இருக்கிறதா, பகலில் படுத்துக் கிடக்கிற இடத்திலிருந்து ஆட்களை எப்படித் தள்ளி நிறுத்துவது என்று கேட்டு எழுதினால் அந்த ஊர்க்காரர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், புலியின் வயது என்ன, ஆணா பெண்ணா என்ற அந்த ஒரு வரியைத் தயவுசெய்து முதல் பத்தியில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்