பழ ஈயின் பசியும் குடல் நரம்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழ ஈயின் மூளையிலுள்ள ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்களையும் அவற்றின் இணைப்புகளையும் வரைபடமாக்கி 2024-இல் வெளியிட்ட சாதனையைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கம் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால், அந்த ஈயின் நடத்தை முழுவதற்கும் இனி இந்த வரைபடத்திலேயே விடை கிடைத்துவிடும் என்று கட்டுரை முடிவதை என்னால் ஏற்க இயலவில்லை. மூளையிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் சில குடலில் போய் முடிகின்றன; அங்கே நடப்பதை மூளையின் படம் காட்டாது.

லண்டனில் உயிரியலாளர் இரேனே மிகேல்-அலியாகா குழுவினர் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மூளையிலிருந்து, உண்ட உணவைச் சேர்த்துவைக்கும் தீனிப்பை வரை நீளும் சில நரம்பணுக்கள் மயோசப்ரெசின் என்னும் பெப்டைடை (புரதம் போன்ற சிறு மூலக்கூறை) சுரந்து அப்பையின் தசைகளைத் தளர்த்துகின்றன. பெண் ஈ இணைசேர்ந்த பின், எக்டைசோன் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோனும், குடலின் செல்களே சுரக்கும் பர்சிகான் ஹார்மோனும் இந்த நரம்பணுக்களின் இயக்கத்தை மாற்றிவிடுவதால் தீனிப்பை விரிகிறது. விரிந்த பை உணவை வலுவாக உறிஞ்சுவதால், முட்டையிடும் தாய் ஈ கூடுதலாக உண்கிறது. விரிவதைத் தடுத்தால் உண்ணும் அளவும் இனப்பெருக்கத் திறனும் சேர்ந்தே குறைகின்றன. குடல் அனுப்பும் செய்தியைப் பெற்றுத்தான் இந்த நரம்பணுக்கள் குடலை இயக்குகின்றன என்பதே இதில் நான் வியக்கும் செய்தி.

தீனிப்பை நிரம்பிப் புடைப்பதை உணர்வதும் நரம்பணுக்களே. அவற்றிலுள்ள பியசோ என்னும் புரதம் இல்லாத ஈக்கள் அளவுக்கு மீறித் தின்கின்றன.

இதே குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சாயம் கலந்த உணவைக் கொடுத்து, ஈக்கள் இட்ட எச்சப் புள்ளிகளின் நிறம், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே குடலின் நீர்ச்சமநிலையையும் அமிலத்தன்மையையும் கணித்தார்கள். ஈயின் எச்சத்தை எண்ணவா பொதுப்பணம் என்று கேட்பவர்கள், ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயைப் பற்றி ஒரு குழந்தை அறுவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்று பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கிறது; மலம் கழிக்க இயலாமல் வயிறு வீங்கும் அக்குழந்தைக்கு அறுவை சிகிச்சையே தீர்வு. ஈயின் குடலும் நம் குடலும் ஒன்றல்ல. ஆயினும், நரம்பணுக்கள் குடலை எப்படி இயக்குகின்றன என்பதை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்து அறிய ஈ இடம் தருகிறது, மனித உடல் தருவதில்லை.

ஆகவே, மூளை வரைபடத்துக்கு ஒதுக்கிய அளவு இடத்தைக் குடல் நரம்பு ஆய்வுகளுக்கும் ஒதுக்கி, தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.